பெல்ட் கத்தினால் ரயில் கேட்காது

எஞ்சினை நிறுத்தினால்தான் ரயில் வருவது கேட்கும். நிறுத்தினால் எஞ்சின் மறுபடி கிளம்பாது. மழைக்காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறியை ஓட்டியவனுக்கு அன்றாடம் இருந்த தலைவலி இது.

வட்டவளைக்கு மேலே, தோட்டத்து மண்ரோடு ரயில் பாதையைக் குறுக்கே கடந்துபோகும் இடம் ஒன்று உண்டு. கேட் கிடையாது, காவல்காரன் கிடையாது. எச்சரிக்கைப் பலகை ஒன்று மட்டும் பாசி பிடித்து நின்றது. இரண்டு பக்கமும் வளைவு. ஹட்டன் பக்கம் உயர்ந்த மரங்கள் பாதையை மறைத்தன. வட்டவளைப் பக்கம் பாறையை வெட்டிப் பாதை போட்டிருந்தார்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மரமும் தெரியாது, பாறையும் தெரியாது. மூட்டம் வந்து உட்கார்ந்துவிடும்.

அந்த மூட்டத்துக்கு முன்னால் லொறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடியில் மழை வழிகிறது. பின்னால் கொழுந்துச் சாக்குகளின் மேல், தலையில் கம்பளியைக் கவிழ்த்துக்கொண்டு இருபது பெண்கள் இருக்கிறார்கள். தோட்டத்துப் பெண்கள் இத்தனை பேர் சேர்ந்து வாயைத் திறக்காமல் இருந்ததை நான் அந்த ஓர் இடத்தில்தான் கண்டிருக்கிறேன். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு ரயிலைத் தேடுகிறோம்.

லொறி டிரைவர் என்றால் மீசையை முறுக்கிக்கொண்டு மலையை உருட்டுகிறவன் என்று நினைப்பவர்கள் இந்த வாரம் பக்கத்தைப் புரட்டிவிடலாம். நான் பயந்தாங்கொள்ளி டிரைவர். அந்தக் கடவை வருகிறது என்றால் ஒரு மைல் முன்னாலேயே எனக்குக் கை வேர்த்துவிடும்.

மழைக்குப் பயந்த லொறி

லொறியும் என்னைப்போலத்தான். வெள்ளைக்கார துரைமார் காலத்தில் வாங்கிய பெட்ரோல் லொறி அது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, துரைமாரெல்லாம் நம் நாட்டு முகமாக மாறி, பாணுக்கு, அதுதான் ரொட்டிக்கு, நின்ற வரிசைகளும் ஒருவாறு ஓய்ந்த பிறகுதான் அது என் கைக்கு வந்தது. எழுபதுகளின் பின்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்தைக் கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. எந்த வருஷமும் அங்கே மழைதான்.

வெயில் காலத்தில் அந்த லொறி ராஜா. மழை பிடித்துவிட்டால் இருமத் தொடங்கிவிடும். காரணம் ஒன்றும் மாயமில்லை. பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினில் தாழ்வாக, காற்றாடிக்குப் பக்கத்தில் இருந்தது. ரோட்டுத் தண்ணீர் தெறித்தால் காற்றாடி அதை அள்ளி நேராக அதன் தலையில் அடிக்கும். மூடிக்குள் ஈரம் போனதும் கரண்டு கண்டபடி ஓடும். ஒரு பிளக் வெடிக்கும், இன்னொன்று வெடிக்காது. பிறகு நின்றே போகும்.

இதற்கு எங்கள் தோட்டத்தில் ஒரு வைத்தியம் இருந்தது. வேறெங்கும் இப்படிச் செய்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். மழைநாள் காலையில் லொறியைக் கிளப்புவதற்கு முன்னால் பெக்டரிக்குப் போவேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பிளக் வயர்களையும் கழற்றி எடுத்துக்கொண்டு போய், தேயிலை காயவைக்கும் ட்ரையரின் வாயருகே வைத்துவிடுவேன். அந்தச் சூட்டுக் காற்றில் கொஞ்ச நேரம் கிடந்தால் ஈரம் சொட்டுக்கூட இருக்காது. எடுத்து மாட்டும்போது மூடியில் தேயிலை வாசம் அடிக்கும். எங்கள் லொறி தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வேலைக்கு இறங்கும் என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

காலை வைத்தியம் பகல் வரைக்கும்தான் தாங்கும். அதற்குப் பிறகு சைக்கிள் டியூப் துண்டு, பழைய மழைக்கோட்டு, கிரீஸ் என்று எதையெதையோ சுற்றிப் பார்த்தேன். கினிகத்தேனையில் ஒரு சிங்களப் பாஸ், கை தேர்ந்த மெக்கானிக். கடைசியாக அவரிடம் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என் முகத்தையும் பார்த்தார். நான் அந்தக் கடவையைப் பற்றி அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"லொறியத் ஓயா வகே தமய், வெஸ்ஸட்ட பயய்" என்றார். லொறியும் உன்னை மாதிரித்தான், மழைக்குப் பயப்படுகிறது என்று அர்த்தம். சொல்லிவிட்டு அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊரெல்லாம் வைத்தியர்

எஞ்சின் இருமல் ஒரு பக்கம். பெல்ட் கத்தல் இன்னொரு பக்கம்.

காற்றாடி பெல்ட்டைத்தான் சொல்கிறேன். எஞ்சின் ஓடும்போது அந்த ஒற்றைப் பெல்ட்தான் காற்றாடியையும் தண்ணீர் பம்பையும் பேட்டரிக்குக் கரண்டு ஏற்றும் டைனமோவையும் சுற்றவைக்கும். பழைய லொறி, தேய்ந்த பெல்ட். ஈரம் பட்டால் வழுக்கும், வழுக்கினால் கத்தும். அந்தக் கத்தல் இரண்டு மலைக்கு அப்பால் கேட்கும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை மணி பார்ப்பதில்லை. "அந்தா கீச்சான் வருது" என்பார், பெண்கள் கூடையை இறக்கத் தொடங்கிவிடுவார்கள்.

எஞ்சினுக்கு வியாதி என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பெல்ட் கத்துகிறது என்றால் ஆளாளுக்கு ஒரு மருந்து. சவுக்காரம் தேய்க்கச் சொன்னார் ஒருவர். பள்ளிக்கூடத்து மாஸ்டர் சோக்கட்டித் தூள் கொண்டுவந்து கொடுத்தார். கோயில் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்தால் அந்தோனியார் பார்த்துக்கொள்வார் என்றாள் என் மனைவியின் சிநேகிதி பாக்கியம். அவள் மாரியம்மன் கோயில்காரி. என் சாமியை வைத்து என்னையே கிண்டல் செய்தாள். ஹட்டன் பஜாரில் புடவைக்கடை முதலாளி, மருந்தே வேண்டாம், முன்னால் எலுமிச்சம்பழம் கட்டு என்றார். கட்டினேன். எலுமிச்சம்பழத்தோடு கத்தியது.

கினிகத்தேனை பாஸ் ஒரு சோதனை சொல்லிக்கொடுத்திருந்தார். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, குறைந்தால் சக்கரங்கள் நேராக இல்லை. நல்ல சோதனைதான். ஆனால் வானமே தெளித்துக்கொண்டிருக்கும் ஊரில் அதை எங்கே செய்து பார்ப்பது? நானும் இறுக்கிப் பார்த்தேன். இறுக்கினால் இரண்டு நாள் அடங்கும், அப்புறம் பழைய குருடிதான். புதுப் பெல்ட்டுக்குச் சொல்லி வைத்து மாதங்கள் போயின. இறக்குமதி இல்லை, வரும்போது வரும் என்றார்கள்.

நாங்கள் கடந்த விதம்

ரயில் பாதைக்கு அப்பால்தான் தோட்டத்தின் பெரிய மலைகள் இருந்தன. அங்கே கொழுந்தெடுக்கும் பெண்களை லொறியில் ஏற்றக்கூடாது என்பது சட்டம். கொட்டும் மழையில், நனைந்த கம்பளியோடு, அட்டை கடிக்க இரண்டு மைல் நடக்கச் சொல்வது என்ன சட்டமோ. ஏறிக்கொள்ளுங்கள் என்பேன். ஏறுபவர்களில் என் மனைவி லூர்தும் ஒருத்தி. டிரைவர் பெண்சாதி என்று முன்னால் உட்கார மாட்டாள். மற்றவர்களோடு சாக்கின் மேல்தான் இருப்பாள்.

கடவைக்குக் கொஞ்சம் மேலேயே லொறியை நிறுத்துவேன். எஞ்சினை அணைப்பேன். கிளீனர் முனியாண்டி இறங்கிப்போய்த் தண்டவாளத்தின் நடுவில் நின்று, முதலில் ஹட்டன் பக்கம், பிறகு வட்டவளைப் பக்கம் காது கொடுப்பான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவன்தான், நான்கு பிள்ளைக்குத் தகப்பன். ஆனாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். ஒன்றும் கேட்கவில்லை என்றால் கையிலிருக்கும் சாக்கை வீசிக் காட்டுவான். அதற்குப் பிறகு நான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும்.

அங்கேதான் வினை. ஈரத்தில் நின்ற எஞ்சின் சட்டென்று பிடிக்காது. அது இருமி முடித்துக் கிளம்புவதற்குள், முனியாண்டி கேட்டுச் சொன்னது பழைய கதையாகிவிடும். மறுபடி அணைத்து மறுபடி கேட்க வேண்டும். பயணிகள் ரயில்களுக்காவது ஒரு நேரம் உண்டு. சாமான் கோச்சி என்று நாங்கள் சொல்லும் சாமான் ரயிலுக்கு அதுவும் இல்லை.

ஒருநாள் பொறுமை போய், எஞ்சினை அணைக்காமலே நின்றேன். முனியாண்டி சாக்கை வீசினான். லொறியை நகர்த்தினேன். முன்சக்கரம் தண்டவாளத்தைத் தொடப்போகும் நேரம் அவன் திடீரென்று குதித்தான், கையை ஆட்டினான், வாயை அகலத் திறந்து என்னவோ சொன்னான். பெல்ட் கத்தலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துத்தான் பிரேக்கை மிதித்தேன். என் கண்ணாடிக்கு முன்னால் ஒரு சுவர் ஓடத் தொடங்கியது. ரயில் என்று புரியவே சற்று நேரம் பிடித்தது. அவ்வளவு கிட்ட ஓடியும் அதன் சத்தம் பெல்ட் சத்தத்துக்குள் முங்கிப் போயிருந்தது.

அன்றைக்குச் சாயந்திரம் லூர்து அடுப்படியில் இருந்தபடியே சொன்னாள். "ஏங்க, அந்தச் சத்தத்த நிப்பாட்டுங்க. இல்லாட்டி நாளையில இருந்து நாங்க நடந்தே போறோம். அட்ட கடிச்சா ரத்தந்தான் போகும்."

சுப்பையா கொடுத்த பசை

பெக்டரியில் சுப்பையா என்று ஒருவர் இருந்தார். தேயிலை அரைக்கும் ரோலர்களை ஓட்டும் பெரிய பட்டைப் பெல்ட்டுகள் அவர் பொறுப்பு. ஒரு பெல்ட் முனகினால் மாடியில் நின்றே எந்தப் பெல்ட் என்று சொல்லுவார். அந்தப் பெல்ட்டுகளுக்கு அவரே ஆமணக்கெண்ணெயும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சிப் பூசுவார். தேயிலைத் தோட்டத்தில் பெல்ட் என்றால் சுப்பையா, சுப்பையா என்றால் பெல்ட். அவரிடம் போகாமல் வேறு யாரிடம் போவது?

"ஓட்டுற பெல்ட்டு எல்லாம் ஒண்ணுதான் தம்பி, பூசிப் பாருங்க" என்று பால் டின்னில் ஊற்றிக் கொடுத்தார்.

பூசினேன். எஞ்சினைக் கிளப்பினேன். சத்தம் இல்லை. எஞ்சின் ஓடுகிறதா என்று எனக்கே சந்தேகம் வந்து இறங்கிப் பார்த்தேன். காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. முனியாண்டி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

அடுத்த சில நாள் நாங்கள் பட்ட சந்தோஷத்தை என்ன சொல்ல! கடவையில் எஞ்சினை அணைக்க வேண்டியதே இல்லை. மெல்ல ஓடவிட்டபடியே காது கொடுத்தோம். முனியாண்டி சாக்கை வீசியதும் அப்படியே கடந்தோம். பெண்கள் அந்த இடத்திலும் வாயாடத் தொடங்கினார்கள்.

எங்கள் யாருக்கும் விளங்காத விஷயம் ஒன்று இருந்தது. பெல்ட் கத்தியது வழுக்கியதால். சுப்பையாவின் பசை கத்தலை நிறுத்தியதே தவிர வழுக்கலை நிறுத்தவில்லை. அகலப் பட்டைப் பெல்ட்டில் இறுகப் பிடிக்கும் பசை, இந்த ஒல்லிப் பெல்ட்டின் பள்ளத்துக்குள் மழைத்தண்ணீரோடு சேர்ந்து கொழகொழத்துவிட்டது. பெல்ட் சத்தமில்லாமல் வழுக்கியது, டைனமோ பேருக்குத்தான் சுற்றியது. பேட்டரிக்குக் கரண்டு போகவில்லை. அதைக் காட்டவேண்டிய முள் என் காலத்துக்கு முன்பே செத்துப்போயிருந்தது. குளிரில் எஞ்சினும் சூடாகவில்லை. காலையில் நான் லொறியைப் பெக்டரிச் சரிவில் உருட்டித்தான் கிளப்புவேன், ஆகையால் ஸ்டார்ட்டரைத் தொடவேண்டிய தேவையும் வரவில்லை. முன்விளக்கு மங்கலாகத் தெரிந்தது. மூட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

கொழுந்தைக் கீழே போடு

அன்றைக்கு, பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கே ஆட்கள் நனைந்துதான் வந்தார்கள். பகல் நிறுவை முடிந்து சாக்குகளை ஏற்றியபோது மழை இன்னும் கூடியிருந்தது. பெண்கள் ஏறிக்கொண்டார்கள். கடவைக்கு வந்தோம். முனியாண்டி போய் நின்று இரண்டு பக்கமும் நிதானமாகக் கேட்டான். சாக்கை வீசினான்.

கடவைக்கு முன்னால் எப்போதும் ஒரு குட்டை இருக்கும். அன்றைக்கு மேலே தண்ணீர் ஓடும் கான் உடைந்து, குட்டை ஆழமாகிக் கிடந்தது. முன்சக்கரம் இறங்கியதும் தண்ணீர் எழும்பி எஞ்சினுக்குள் அடித்தது. லொறி இருமியது. முதல் தண்டவாளம் ஏறியது, இரண்டாவதும் ஏறியது, முன்சக்கரம் தாண்டியது. அப்படியே நின்றுவிட்டது. பின்சக்கரங்கள் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில்.

இப்படி நின்றால் என்ன செய்வது என்று எல்லா டிரைவருக்கும் தெரியும். எஞ்சின் கிளம்பவேண்டும் என்றில்லை. முதல் கியரைப் போட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினால், ஸ்டார்ட்டர் மோட்டரே லொறியைக் குதிக்கக் குதிக்க நகர்த்திவிடும். கியரைப் போட்டேன், அழுத்தினேன். டக் என்று ஒரு சத்தம். இன்னொரு முறை அழுத்தினேன், அதுவும் இல்லை. ஹோர்னை அழுத்தினேன். அது பூனைக்குட்டி மாதிரி முனகியது. பேட்டரி செத்துக் கிடக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அண்ணே, நான் ஹட்டன் பக்கம் ஓடுறேன்! வந்தா மறிக்கிறேன்!" முனியாண்டி கத்திக்கொண்டே ஓடினான். "மத்தப் பக்கம் யாராச்சும் ஓடுங்க!"

பின்னால் யாரோ குதிக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், லூர்து. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வட்டவளைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள்.

"லூர்து! நீ போகாத! அந்தப் பக்கம் கல்வெட்டி!"

"நீங்க வண்டியப் பாருங்க!" என்றாள். மூட்டம் அவளை மறைத்துவிட்டது.

கல்வெட்டி என்றால் அந்தப் பாறை வெட்டிய பாதை. ஒரு பக்கம் செங்குத்தாகப் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. நடுவில் ரயிலுக்கு மட்டும்தான் இடம். ரயில் ரோட்டில் வேலை செய்கிறவர்களே ரயில் நேரத்தில் அதற்குள் போகமாட்டார்கள். சிவப்புத் துணியைக் காட்டினால் ரயில் நிற்கும் என்பார்கள். அந்த மூட்டத்தில் சிவப்பும் ஒன்றுதான், கறுப்பும் ஒன்றுதான்.

எனக்கு இறங்கி அவள் பின்னால் ஓடத் தோன்றியது. ஆனால் ஸ்டியரிங்கை யாராவது பிடித்தால்தான் லொறி நேராகப் போகும். மற்றப் பெண்கள் அதற்குள் இறங்கித் தள்ளத் தொடங்கியிருந்தார்கள். கியரை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். லொறி அசையவில்லை. நனைந்த கொழுந்து பாறைக்குச் சமம்.

"சாக்கத் தள்ளி விடுங்க! கீழ போடுங்க!" என்று கத்தினேன்.

யாரும் போடவில்லை. இதை வெளியாட்கள் நம்பமாட்டார்கள். கொழுந்தைச் சேற்றில் போடாதே என்று நாள்தோறும் ஏச்சுக் கேட்டு வளர்ந்த கைகள் அவை. நிறுவை முடிந்து கணக்கெழுதிய கொழுந்துதான், போனாலும் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனாலும் கை வரவில்லை. இரண்டு பேர் மேலே ஏறி ஒரு சாக்கை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சேறில்லாத இடம் தேடிக்கொண்டிருந்தார்கள்!

"அடியே, உசுரு போகப் போகுது, கொழுந்தாம் கொழுந்து!" பாக்கியம்தான் முதல் சாக்கைக் காலால் உதைத்துத் தள்ளினாள். அது குட்டையில் விழுந்து தெறித்தது. அதற்குப் பிறகு சாக்குகள் சரமாரியாக விழுந்தன. மறுபடி தள்ளினார்கள். லொறி முன்னால் ஒரு சாண் போனது, பின்சக்கரம் தண்டவாளத்தில் முட்டித் திரும்பி வந்தது. மறுபடியும் முட்டியது, திரும்பி வந்தது.

"அண்ணே, தண்டவாளம் அதிருது!" பாக்கியத்தின் குரல் உடைந்திருந்தது.

"எந்தப் பக்கம்?"

"தெரியலையே! நீங்க குதிச்சிருங்கண்ணே!"

நான் குதிக்கவில்லை. துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். கால் எழும்பவில்லை. ஹட்டன் பக்கமிருந்து வரட்டும், ஹட்டன் பக்கமிருந்து வரட்டும் என்று மனதுக்குள் வேண்டினேன். அந்தப் பக்கம் ஓடியவனுக்கு நான்கு பிள்ளைகள் என்பது எனக்கு அப்போது நினைவிலேயே இல்லை. அந்தோனியாரே, வட்டவளைப் பக்கம் வேண்டாம், அவ்வளவுதான்.

பின்னால் எல்லோரும் சேர்ந்து ஒரு கூச்சல் போட்டார்கள். லொறி எழும்பிக் குதித்தது. தண்டவாளத்தைத் தாண்டி, சரிவில் தானாக உருண்டு, தேயிலைச் செடிகளுக்குள் முட்டிச் சாய்ந்து நின்றது. நான் கதவைத் திறந்து விழுந்தேன். ரயிலின் ஊதல் அப்போதுதான் கேட்டது.

வட்டவளைப் பக்கமிருந்து.

அதற்குப் பிறகு

சாமான் ரயில் அது. எங்கள் சாக்குகளில் ஒன்றைக் கிழித்துக் கொழுந்தை வாரி இறைத்துக்கொண்டு போனது. பெட்டி பெட்டியாக, எண்ணெய் டாங்கி டாங்கியாக, முடியவே முடியாது போல் போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் டிரைவர் எங்களைக் கண்டிருப்பாரோ என்னவோ, வேகம் குறையவில்லை. நிற்காமல் வந்த ரயில் என்றால் லூர்தை அவர் காணவில்லை. அவள் மறித்தும் காணவில்லை.

ரயில் போய் முடிந்ததும் மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. முனியாண்டி ஹட்டன் பக்கமிருந்து மூச்சு வாங்க வந்தான். எல்லோரும் மற்றப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் வரவில்லை.

"நான் பாத்துட்டு வர்றேன். நீங்க வராதீங்கண்ணே" என்றாள் பாக்கியம். ஏன் வரவேண்டாம் என்கிறாள் என்று எனக்குத் தெரியும். முனியாண்டி என் தோளைப் பிடித்திருந்தான். அவன் கையைத் தட்டிவிட்டு நானும் நடந்தேன்.

தண்டவாளத்தைப் பார்க்கப் பயம். கம்பளித் துண்டு ஒன்று கண்ணில் பட்டால் என்ன ஆவேன் என்று பயம். என் காலை மட்டும் பார்த்துக்கொண்டு தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் சிலிப்பர் கட்டைகளில் ஒவ்வொன்றாக வைத்தேன். பாறை தொடங்கும் இடத்தில் அதுவும் முடியாமல் நின்றுவிட்டேன். பாக்கியம் மூட்டத்துக்குள் போய்விட்டாள்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உள்ளேயிருந்து பேச்சுக் குரல் வந்தது. ஒரு குரல் பாக்கியத்துடையது. இன்னொன்று லூர்துடையது.

"கோச்சி நிக்கல பாக்கியம். நான் கத்துனேன், கம்பளியக் கழட்டி ஆட்டுனேன். நிக்கவே இல்ல."

"சரி வா, வா."

"பாறையோட ஒட்டிக்கிட்டு நின்னேன். என் மேல உரசிக்கிட்டுப் போச்சு. நேரா அங்கதானே போச்சு? அவரு வண்டிக்குள்ளதானே இருந்தாரு?"

"அண்ணனுக்கு ஒண்ணும் இல்ல. வண்டியத் தள்ளிட்டோம். சொல்றேன்ல."

"செத்த வீட்டுக்குக் கூட்டிப் போறப்ப எல்லாரும் இப்புடித்தான் சொல்லுவாங்க."

மூட்டத்திலிருந்து இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். லூர்துக்குக் கம்பளி இல்லை. தலைமுடி அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. ஒரு பக்கத் தோள் முழுக்கப் பாறையில் தேய்த்த காயம். பாக்கியத்தின் முழங்கையைப் பற்றிக்கொண்டு கண்ணை இறுக மூடியபடி நடந்துவந்தாள்.

"நான் பாக்க மாட்டேன். நீ பாரு. நல்லாப் பாத்துட்டு எங்கிட்ட சொல்லு."

நான் அவளுக்கு எதிரே நான்கு எட்டில் நின்றிருந்தேன். இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்லாமல் அவள் தோளின் காயத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாக்கியம் என்னைப் பார்த்ததும் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டதும் லூர்தின் முகம் கோணத் தொடங்கியது. அப்படியே உட்காரப் போனாள்.

நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். அவள் உதறவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. கிரீஸ் படிந்த என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். மணிக்கட்டைத் தடவினாள். அப்புறம்தான் மெல்லக் கண்ணைத் திறந்தாள். திறந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் கால்களைப் பார்த்தாள், இரண்டும் இருக்கிறதா என்று.

இருந்தன.